நனைத்தால்தான் தெரியும் கடிதம்: ஒரு பழைய கேம் கையேட்டை ஸ்கேன் செய்து நகல் எடுத்த அனுபவம்

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக நியூஜெர்சியிலிருந்து வந்திருந்த அத்தான், பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் உறையைப் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தார். உள்ளே உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு புத்தகம். 'ஸ்டார்ட்ராபிக்ஸ்' என்ற நின்டெண்டோ கேமோடு வந்த விளக்கக் கையேடு.

"இதுக்கு ஒரு நகல் எடுத்துக் கொடு மாப்ளே. பொண்ணு பழைய கேசட்டை எல்லாம் எடுத்து விளையாட ஆரம்பிச்சுட்டா. புத்தகத்தையும் கேக்குறா. இதைக் கையில கொடுத்தா ரெண்டே நாள்ல கிழிஞ்சிடும்."

"சரி அத்தான், கூட ஒரு கடுதாசி இருந்திருக்கணுமே?"

"அது எப்பவோ போயிடுச்சு. நான் வாங்கும்போதே இல்லை."

இரண்டு நாளில் முடியும் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் செய்ததையும், தவறிய இடங்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பழைய கேம் கையேடு வைத்திருப்பவர்கள், அதை ஸ்கேன் செய்ய நினைப்பவர்கள் யாருக்காவது பயன்படும்.

அந்தக் கடிதம் ஏன் முக்கியம்

'ஸ்டார்ட்ராபிக்ஸ்' 1990 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியானது. உருவாக்கியது ஜப்பானில் உள்ள நின்டெண்டோ குழு. தலைமை தாங்கியவர் 'பஞ்ச் அவுட்' செய்த கென்யோ தகேதா. ஆனாலும் ஜப்பானில் இது வெளியாகவே இல்லை. சியாட்டில் பையன் மைக், தீவில் ஆராய்ச்சி செய்யும் மாமா டாக்டர் ஜேயைப் பார்க்கப் போகிறான். போய்ச் சேர்ந்தால் மாமாவைக் காணோம். இதுதான் கதை. மாமா மைக்குக்கு எழுதிய அழைப்புக் கடிதம், கேம் பெட்டிக்குள் உண்மையான காகிதமாகவே வைக்கப்பட்டிருந்தது. பெட்டியைத் திறக்கும் குழந்தைக்கு அது அலங்காரத்துக்கு வைத்த தாளாகத்தான் தோன்றும்.

பாதி ஆட்டம் தாண்டியதும், நீர்மூழ்கியை ஓட்டும் ரோபோ மூன்று இலக்க எண் ஒன்றைக் கேட்கும். எண் கேமுக்குள் எங்கேயும் இல்லை. மாமாவின் கடிதத்தைத் தண்ணீரில் நனைக்கச் சொல்லி ஒரு கதாபாத்திரம் சொல்லும், அவ்வளவுதான். விளையாடுகிறவர் டிவி முன்னாலிருந்து எழுந்துபோய், பெட்டியைத் தேடி, கடிதத்தை எடுத்து, நிஜத் தண்ணீரில் முக்க வேண்டும். மறைந்திருந்த எழுத்து அப்போது தெரியும்: 747 மெகாஹெர்ட்ஸ்.

அந்தக் காலத்துக் கையேடுகளைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக அழகான யோசனை இதுதான். கேமில் ஒரு பகுதி கேசட்டில் இருக்கிறது, ஒரு பகுதி காகிதத்தில் இருக்கிறது. காகிதம் போனால் கேமும் பாதியில் நின்றுவிடும்.

அத்தானுக்கு நேர்ந்தது அதுவேதான். 1991ல் அவருக்குப் பதினொரு வயது. முதலில் ஒரு வாடகைக் கடையில் இருந்துதான் இந்தக் கேமை எடுத்திருக்கிறார். கடைக்காரர்கள் கேசட்டை வெறும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியின் உள்பக்கம் பத்து வரிக் குறிப்பு ஒன்றை ஒட்டிக் கொடுத்தார்களாம். கடிதம் கிடையாது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த எண்ணிலேயே சிக்கிக் கிடந்து, திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பிறகு பள்ளியில் ஒரு பையன் எண்ணைச் சொன்னானாம். ஜம்போ விமானத்தின் பெயர் என்பதால் மறக்கவே இல்லை என்றார்.

வாடகைக் கடைகளுக்கும் கையேடுகளுக்கும் அதற்கு முன்பே பெரிய சண்டை நடந்திருக்கிறது. 1989ல் நின்டெண்டோ, பிளாக்பஸ்டர் வீடியோ நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. கேசட்டை வாடகைக்கு விடுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றமில்லை. அதனால் வாடகையோடு கையேட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டார்கள். கையேடு தனியாகக் காப்புரிமை உள்ள படைப்பு அல்லவா. பிளாக்பஸ்டர் ஜெராக்ஸை நிறுத்தியது, வேறு ஆளை வைத்து எழுதிய குறிப்புகளைக் கொடுக்க ஆரம்பித்தது, வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. 1990ல் வந்த சட்டத் திருத்தம் கம்ப்யூட்டர் மென்பொருளை வாடகைக்கு விடுவதைத் தடுத்தது. வீடியோ கேம் கேசட்டுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. கையேட்டின் நகல் என்ற விஷயத்துக்கு இப்படி ஒரு பின்னணி இருப்பது தெரிந்த பிறகு, என் மேசையில் கிடந்த அந்தச் சின்னப் புத்தகத்தை இன்னும் கவனமாகவே தொட்டேன்.

பின்னைக் கழற்றுவதா, வேண்டாமா

கையேடு நடுவில் இரண்டு பின் அடித்த புத்தகம். அச்சகத்தில் சென்டர் பின் என்பார்கள். இரண்டு பின்னுமே துருப்பிடித்து, தாளில் பழுப்பு நிறத் தழும்பு விட்டிருந்தன. பின்னோடு சேர்த்தே ஸ்கேன் செய்தால் நடு மடிப்பு கண்ணாடியில் படியாது. மெலிதான, விலை குறைந்த ஸ்கேனர்களில் இருக்கும் சிஐஎஸ் வகை சென்சாருக்குக் கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டும்தான் தெளிவாகத் தெரியும். ஒரு மில்லிமீட்டர் தூக்கினாலும் மங்கிவிடும். பழைய கனமான சிசிடி வகை ஸ்கேனர் கொஞ்சம் தூக்கலைத் தாங்கும். என்னிடம் இருப்பது சிசிடிதான். இருந்தும் மடிப்புக்குள் போன எழுத்து வளைந்துதான் வந்தது.

அத்தானிடம் கேட்டுக்கொண்டுதான் பின்னைக் கழற்றினேன். பின் எடுக்கும் கருவியைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது, தாளைக் கிழித்துவிடும். புத்தகத்தை நடுப்பக்கத்தில் விரித்துக் கவிழ்க்காமல் வைத்து, பின்னின் மடங்கிய இரண்டு கால்களையும் மழுங்கிய வெண்ணெய்க் கத்தியால் மெல்ல நிமிர்த்தி, பிறகு வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். துரு தாளோடு ஒட்டியிருந்த இடத்தில் ஒரு பின்னுக்கு மட்டும் கால் மணி நேரம் பிடித்தது. கழற்றிய பின்களைத் தூக்கிப் போடவில்லை. சின்னக் கவரில் போட்டு, எது மேலே எது கீழே என்று எழுதி வைத்தேன்.

பிரித்த பிறகு இன்னொரு விஷயம் தெரிந்தது. மடித்துப் பின் அடித்த பிறகுதான் ஓரத்தை வெட்டுவார்கள் என்பதால், நடுத்தாளின் பக்கங்கள் வெளித்தாளின் பக்கங்களைவிட ஒரு நூல் அளவு குறுகலாக இருக்கும். எல்லாப் பக்கத்தையும் ஒரே அளவுக்கு வெட்டிவிட்டால் திரும்ப அச்சடிக்கும்போது ஓரத்தில் இருக்கும் எழுத்து வெட்டுப்படும். அதனால் ஸ்கேன் செய்யும்போது தாளைச் சுற்றி நான்கு பக்கமும் கொஞ்சம் வெற்றிடம் விட்டே எடுத்தேன். தாளின் விளிம்பு படத்தில் தெரிய வேண்டும்.

புள்ளிகள்

வண்ண அச்சு என்பது முழுக்கப் புள்ளிதான். நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மை. ஒவ்வொன்றின் புள்ளி வரிசையும் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்திருக்கும். வழக்கமாகக் கறுப்பு 45 பாகை, மெஜந்தா 75, நீலப்பச்சை 15, மஞ்சள் 0. பூதக்கண்ணாடியில் பார்த்தால் சின்னச் சின்ன ரோஜாப்பூ மாதிரித் தெரியும். ஸ்கேனரும் படத்தைக் கட்டம் கட்டமாகத்தான் பார்க்கிறது. இந்த இரண்டு ஒழுங்கும் ஒன்றோடொன்று மோதும்போது, அசலில் இல்லாத அலை அலையான கோடுகள் படத்தில் வரும். மோரே என்பார்கள். பட்டுப்புடவையை டிவியில் காட்டும்போது நெளிவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவேதான்.

முதல் நாள் நான் 300 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 கட்டம் என்ற அளவில் எடுத்தேன். அட்டைப்படம் முழுக்க அலை. 600 டிபிஐ வைத்ததும் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகப் பதிந்தது, அலை போய்விட்டது. விலை என்னவென்றால் கோப்பு நான்கு மடங்கு பெரிதாகும். ஒரு முழு ஏ4 பரப்பை 600ல் எடுத்துச் சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் சுமார் 100 எம்பி வரும். அதற்காக ஜேபெக்கில் எடுத்துவிடாதீர்கள். சுருக்கும்போது புள்ளிகளைத்தான் முதலில் கலைக்கும்.

ஸ்கேனர் மென்பொருளிலேயே 'டிஸ்க்ரீன்' என்று ஒரு வசதி இருக்கும். புள்ளிகளை மழுக்கி வழவழப்பான படமாகத் தரும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஸ்கேன் செய்யும்போதே அதைப் போடக் கூடாது. எழுத்தையும் சேர்த்து மழுக்கிவிடும், ஒருமுறை போட்டால் திரும்ப வராது. தானாக வெளிச்சம் கூட்டும் வசதி, தானாக நிறம் திருத்தும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எடுத்த முதல் ஸ்கேன்தான் மூலம். அதைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, அதன் பிரதியில்தான் திருத்தம் செய்ய வேண்டும். நான் படத்தை மட்டும் மழுக்கி, கறுப்பு எழுத்துகளைத் தனி அடுக்காகப் பிரித்துக் கூர்மையாகவே வைத்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் இரண்டு வாரம் இதற்கே போனது.

தாளின் பின்பக்க எழுத்து முன்பக்கம் நிழலாகத் தெரிவது இன்னொரு தொல்லை. அதற்கு எளிய வழி உண்டு. ஸ்கேனர் மூடியின் வெள்ளைப் பரப்புக்குப் பதிலாகத் தாளின் மேல் ஒரு கறுப்பு அட்டையை வைத்து மூடினால் நிழல் பெருமளவு போய்விடும். தாள் முழுக்க ஒரு சுற்று மங்கலாகத் தெரியும். அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

நிறத்தில் ஒரு சின்னத் தந்திரம் சொல்கிறேன், இந்தக் கையேட்டுக்கு இது தேவைப்படவில்லை என்றாலும். 1989ல் வந்த 'சிம்சிட்டி' கம்ப்யூட்டர் கேமோடு அடர்சிவப்புத் தாள் ஒன்று வந்தது. கேம் கேட்கும் கேள்விக்கு அதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். ஜெராக்ஸ் எடுத்தால் தாள் மொத்தமும் கறுப்பாகிவிடும். நகல் எடுக்க முடியாமல் இருக்கத்தான் அந்த நிறத்தையே தேர்ந்தெடுத்தார்கள். வண்ண ஸ்கேன் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று படலமாகத்தான் பதிவாகும். இன்றைய வண்ண ஸ்கேனரில் அந்தத் தாளை எடுத்து, சிவப்புப் படலத்தை மட்டும் தனியே பார்த்தால் தாள் வெளிறிப்போய், கறுப்பு மை பளிச்சென்று தெரியும். மங்கிய கையேடு, கறை படிந்த கையேடு எதற்கும் இப்படி ஒவ்வொரு நிறப்படலமாகப் பார்ப்பது உதவும்.

பென்சிலில் எழுதிய எண்

கடைசித் தாளைக் கண்ணாடியில் வைக்கும்போதுதான் பார்த்தேன். பின்னட்டையின் உள்பக்கம், கீழ் மூலையில், பென்சிலில் 747 என்று எழுதியிருந்தது. அழுத்தி எழுதியதில் தாள் பள்ளமாகியிருந்தது. 7க்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. எண்ணைச் சுற்றி இரண்டு வட்டம்.

அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது என் எழுத்து இல்லையே" என்றார். அவர் இந்தக் கையேட்டை கேசட்டோடு சேர்த்துப் பழைய பொருள் விற்கும் இடத்தில் வாங்கியவர். அவருக்கு முன்னால் இருந்த ஏதோ ஒரு பிள்ளை எழுதியிருக்க வேண்டும். ஒருவேளை கடிதம் தொலைந்துபோகும் என்று தெரிந்தே எழுதி வைத்ததோ என்னவோ.

கையேடுகளைச் சீர்செய்து வெளியிடுகிறவர்கள் பலர் இப்படிப்பட்ட கிறுக்கல்களைத் துடைத்துவிடுகிறார்கள். அச்சகத்தில் இருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூல ஸ்கேனில் பென்சில், துருத் தழும்பு, காபிக் கறை எல்லாம் இருக்க வேண்டும். அந்தப் புத்தகம் ஒரு வீட்டில் இருந்தது, யாரோ அதைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடினார்கள் என்பதற்கு அது மட்டும்தான் சாட்சி. அச்சடிக்கும் பிரதியில் துடைப்பதா என்பது அவரவர் தேவை. எங்கள் பிரதியில் எண்ணைத் துடைத்தோம், அதற்குக் காரணம் வேறு: அத்தான் மகள் அதைக் கடிதத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மறுபடி அச்சடித்தல்

பக்கங்களை வரிசை மாற்றிப் போடுவது தெரியாதவர்களுக்கு முதலில் குழப்பும். 16 பக்கப் புத்தகம் என்றால், வெளித்தாளின் ஒரு புறம் 16ஆம் பக்கமும் 1ஆம் பக்கமும், மறு புறம் 2ம் 15ம் வரும். எதிரெதிரே வரும் இரண்டையும் கூட்டினால் எப்போதும் 17. மொத்தப் பக்கம் நான்கின் மடங்காகத்தான் இருக்கும். அட்டைக்குச் சற்றுக் கனமான ஆர்ட் பேப்பர், உள்ளே மெலிதான தாள் என்று எங்கள் தெரு முனையில் இருக்கும் டிஜிட்டல் பிரிண்ட் கடையில் போட்டு, அங்கேயே சென்டர் பின் அடித்து, மூன்று பக்கமும் வெட்டி வாங்கினேன்.

பின்னட்டையில் 'நகல்' என்று சின்ன எழுத்தில் சேர்த்தேன். இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். பெட்டி, கையேடு எல்லாம் சேர்ந்த முழுத் தொகுப்புக்கு வெறும் கேசட்டைவிடப் பல மடங்கு விலை கிடைப்பதால், நல்ல நகலை அசல் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். நாம் பாசத்தோடு செய்தது நாளைக்கு யாரையோ ஏமாற்றக் கூடாது. காப்புரிமையும் இருக்கிறது. 1990ல் ஒரு நிறுவனத்தின் பெயரில் வெளியான படைப்புக்கு அமெரிக்கச் சட்டப்படி 95 ஆண்டு; 2085 முடியும்வரை. வீட்டுக்கு ஒரே ஒரு பிரதி அடித்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

படிக்க மட்டும் வேண்டும் என்றால் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. 2016ல் நின்டெண்டோ தன் பழைய கேம்கள் 30ஐச் சேர்த்து 'என்இஎஸ் கிளாசிக்' என்ற குட்டிக் கருவியை விற்றது. அமெரிக்கப் பதிப்பில் 'ஸ்டார்ட்ராபிக்ஸ்' உண்டு. கையேடுகளைப் பெட்டியில் வைக்கவில்லை. பழைய பக்கங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டார்கள். 2013ல் 'எர்த்பவுண்ட்' கேமை மறுபடி வெளியிட்டபோதும் அதன் பெரிய வழிகாட்டிப் புத்தகத்தை ஸ்கேன் செய்து இலவசமாகவே கொடுத்தார்கள். தனி ஆட்கள் செய்திருப்பதோ அதைவிடப் பெரிது. அமெரிக்காவில் வந்த பிளேஸ்டேஷன் 2 கேம்களின் 1,900க்கும் மேற்பட்ட கையேடுகளை ஒரு சேகரிப்பாளர் பல ஆண்டு உட்கார்ந்து ஸ்கேன் செய்து, 2022ல் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றினார். ஒரே ஒரு சின்னப் புத்தகத்துக்கு எனக்கு மூன்று வாரம் ஆனதை வைத்துப் பார்த்தால், அந்த உழைப்பை எண்ணிப் பார்க்கவே மலைப்பாக இருக்கிறது.

கடிதம்

ஆனால் எந்த ஸ்கேனிலும் வராத ஒன்று அந்தக் கடிதம். காய்ந்த தாளை எவ்வளவு நுணுக்கமாக ஸ்கேன் செய்தாலும் எண் தெரியாது. நனைத்த தாளை ஸ்கேன் செய்தால் எண் தெரியும், நனைக்கும் வேலை போய்விடும். பின்னாளில் வந்த தன் 'வீ' என்ற கேம் கருவிக்கு இந்தக் கேமைக் கொண்டுவந்தபோது நின்டெண்டோ இதற்கு ஒரு வழி செய்தது. திரையில் வரும் கையேட்டில் கடிதத்தின் படமும் ஒரு வாளியும் இருக்கும். அழுத்தினால் கடிதம் தண்ணீரில் முங்கி எண் தெரியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கை நனையாது.

அத்தான் மகளுக்கு நிஜமாகவே நனைக்கக் கூடிய கடிதம் செய்து கொடுக்க ஆசைப்பட்டேன். சேகரிப்பாளர்கள் ஏற்றிய படங்களைப் பார்த்துக் கடிதத்தை அதே அமைப்பில் தட்டச்சு செய்தேன். மறை எழுத்துக்கு எந்த ரசாயனமும் வேண்டாம், பள்ளி நாட்களில் விளையாடிய ஒரு வித்தையே போதும். தாளைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடி மேல் விரிக்க வேண்டும். அதன்மேல் காய்ந்த தாள் ஒன்றை வைத்து, கூர்மையில்லாத பென்சிலால் அழுத்தி எழுத வேண்டும். கீழே ஈரத்தாளில் நார் நசுங்கிய இடம் எழுத்தாகத் தெரியும். காய்ந்ததும் மறைந்துவிடும். மறுபடி நனைத்தால் மறுபடி தெரியும்.

முதல் பிரதியை இங்க்ஜெட்டில் அடித்துவிட்டேன். தண்ணீர் பட்டதும் மாமாவின் கையெழுத்து மொத்தமும் நீலமாகக் கரைந்து கண்ணாடியில் ஓடியது. லேசர் பிரிண்டரின் மை தூளை உருக்கி ஒட்டுவது, கரையாது. இரண்டாவது பிரதியை அதில் அடித்தேன். பால்பாயிண்ட் பேனாவால் எழுதியதில் ஈரத்தாள் 4ன் முனையில் கிழிந்தது. மூன்றாவதுதான் சரியாக வந்தது. மறைந்திருந்த செய்தி முழுவதையும் எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினேன். துணிக்கு நடுவே வைத்து, மேலே பெரிய அகராதி இரண்டை அடுக்கி இரண்டு நாள் காயவிட்டேன். இல்லாவிட்டால் தாள் நெளிந்து, குழந்தைக்கு முன்னாலேயே சந்தேகம் வந்துவிடும்.

இதற்கெல்லாம் நான் ஏன் இவ்வளவு மெனக்கெட்டேன் என்று வீட்டில் கேட்டார்கள். நாங்கள் சின்ன வயதில் விளையாடிய டிவி கேம் கேசட்டுகளோடு ஒரு துண்டுத்தாள்கூட வந்ததில்லை. எந்தப் பட்டன் எதற்கு என்பதை ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டோம். கதை என்னவென்றே தெரியாமல் எத்தனையோ கேமை முடித்திருக்கிறோம். பெட்டிக்குள் நமக்கென்று ஒரு கடிதம் வைத்து அனுப்பியிருப்பார்கள் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்தது.

அசல் கையேட்டை அதே பின்களால் கட்டவில்லை. துரு இன்னும் பரவும். பின் துளைகள் வழியே பருத்தி நூலைக் கோத்து முடிச்சுப் போட்டு, பின்கள் உள்ள கவரோடு உறையில் வைத்து அத்தானிடம் கொடுத்தேன். நகலும் கடிதமும் தனி உறையில்.

மாசியில் ஒரு ஞாயிறு காலை வீடியோ கால் வந்தது. மகள் பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். ரோபோ எண் கேட்ட இடத்தில் மூன்று நாளாக நிற்கிறாளாம். கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல உள்ளே விட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. "அப்பா, ஒன்னும் வரலையே" என்றாள். அத்தான் பின்னால் நின்றபடி, "வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாரும்மா" என்றார். தூக்கினாள். தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. "செவன்," என்றாள், அப்புறம் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.